சோபாக்காரரின் மூக்கு

"கொஞ்சம் மோந்து பாருங்க சார்" என்று பால் பாத்திரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறார் சோபாக்காரர். முகர்ந்து பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறேன். என் சொல்லை அவர் ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. என் நாசியின் இருபுறங்களையும், மேலுதட்டையும், புருவங்களுக்கு இடையிலுள்ள தோலையும் ஒரு முறை நன்றாக ஆராய்கிறார். எங்கும் சுருக்கம் இல்லை என்று உறுதியான பிறகே, "சரி, காபி போடலாம்" என்று தமக்குத்தாமே உத்தரவு கொடுத்துக்கொண்டு மாடியேறுகிறார். சில காலைகளில் பாலுக்குப் பதிலாக முந்தைய நாளின் சூப் வரும். சில காலைகளில் சட்டை வரும். சட்டை வரும் நாள்களில் நான் சற்றுத் தள்ளி நின்றபடியே கருத்தைத் தெரிவித்துவிடுவது வழக்கம்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேல்வீட்டில் குடியிருப்பவர் அவர். வீடுவீடாகச் சென்று சோபா, மெத்தை, கம்பளம் ஆகியவற்றைச் சுத்தம் செய்து தருவது தொழில். பிறந்தது முதல் அவருக்கு எந்த மணமும் தெரியாது. ரோஜாவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. வீட்டில் மோப்பம் பிடிக்கும் பொறுப்பு அவருடைய மனைவிக்கு உரியது. அந்த அம்மாள் அடுமனையில் ரொட்டி சுடுபவர்; பெரும்பாலும் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறவர். ஆகவே, ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் என் மூக்குக்கு இந்தத் தற்காலிகப் பதவி வந்து சேர்ந்தது.

அவரை நேரில் பார்க்கிறவர்கள் இந்தச் செய்தியை நம்பமாட்டார்கள். அத்தனை பெரிய மூக்கு. நெற்றியிலிருந்து நேராகப் புறப்பட்டு, நடுவில் ஒரு மேடு கண்டு, நுனியில் தாராளமாக விரிந்து நிற்கும். மூக்குக்கண்ணாடி அதன் மேல் சிம்மாசனத்தில் அமர்ந்திருப்பதுபோல் அமர்ந்திருக்கும். அந்த மூக்குக்குச் சளி பிடிக்கும், அது தும்மும், குறட்டை விடும், வெயிலில் முதலில் கறுப்பதும் அதுதான். மணத்தை மட்டும் வாங்காது. "பெரிய பங்களா சார். கரண்ட்டு கனெக்சன்தான் இல்ல" என்பது அதைப் பற்றி அவருடைய வாக்குமூலம்.

காரணம் என்னவென்று ஒரு முறை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். "மூக்குல ஒரு கோளாறும் இல்லையாம் சார். மூளைக்கு அடியில வாசனைய வாங்கறதுக்குன்னு சின்னதா ஒரு குமிழ் இருக்குமாம். எனக்கு அது முளைக்கவே இல்ல. பரம்பரையா வர்றதாம். எங்கப்பா எனக்கும் அக்காவுக்கும் விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான். ஒரு வில்லங்கமும் இல்லாத சொத்து" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, "குழந்தைங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாமாம். காசு சுண்டிப் போட்ட மாதிரிதானாம்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

தமக்கு மணம் தெரியாது என்பதே அவருக்கு வெகுகாலம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. முகர்வது ஓர் உபசாரம் என்று நினைத்திருக்கிறார். "ஒருத்தர் பூ குடுத்தா மூக்குகிட்ட கொண்டு போயி 'ஆஹா'ன்னு சொல்லணும். பெரியவங்க வந்தா எழுந்து நிக்கறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதைன்னு நெனச்சேன் சார். நானும் கரெக்டா சொல்லிட்டு இருந்தேன்." பிறர் 'ஆஹா' என்றால் 'ஆஹா', பிறர் மூக்கைப் பொத்தினால் தாமும் பொத்துவது. இந்த ஏற்பாடு மீசை முளைத்த பின்னும் இடையூறின்றி நடந்து வந்தது.

அந்தக் குட்டு வெளிப்பட்ட நாளை அவர் அடிக்கடி விவரிப்பார். அவருடைய தாயார் காய்களை நறுக்கிச் சட்டியில் போட்டு, நீர் ஊற்றி மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசப் போனார். திரும்பி வரும்போது கணவர், மகள், மகன் மூவரும் உணவு மேசையில் காத்திருந்தார்கள். தந்தை கண்களை மூடி, "ஆஹா, என்ன வாசனை!" என்றார். அக்காள், "தெருமுனையிலேயே தூக்குதும்மா" என்றாள். இவர் தம் பங்குக்கு, "வாசனையே பசியக் கிளப்புது" என்றார். தாயார் மூடியைத் திறந்தார். பச்சைத் தண்ணீரில் காரட் துண்டுகள் குளித்துக்கொண்டிருந்தன. அடுப்பைப் பற்றவைக்கவே அவர் மறந்துபோயிருந்தார்.

"மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம் சார். ஒரே வீட்டுக்குத் திருட வந்த மூணு திருடனும் இருட்டுல முட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அப்பா இத்தன வருஷமா எங்கள ஏமாத்தியிருக்காரு. நாங்க அவர ஏமாத்தியிருக்கோம். தனக்கு மட்டும்தான் இப்படின்னு ஆளாளுக்கு வாயத் தெறக்கல. அம்மா ரொம்ப நாள் எங்ககூடப் பேசவே இல்ல. மூக்கு வேலை செய்யலங்கறதுக்காக இல்ல சார். அதுவரைக்கும் அவங்க சமையலப் பாராட்டினதெல்லாம் பொய்யாப் போச்சேன்னு!"

இந்தக் குறையையே அவர் தொழிலாக்கிக்கொண்டார். பிறர் வாசலோடு திரும்பிப் போகும் வீடுகளுக்குள் அவர் சாவதானமாக நுழைவார். குழந்தை மூன்று பருவங்களாக நனைத்த மெத்தை, நாய் குட்டி போட்ட கம்பளம், குளிர்பெட்டி பழுதாகி மீன் கசிந்து ஊறிய சோபா, எல்லாம் அவருக்கு ஒன்றே. உறையைக் கழற்றி, நுரையைத் தெளித்து, உருளைத் தூரிகையால் தேய்த்து, உறிஞ்சும் இயந்திரத்தின் வாயை மடிப்பு மடிப்பாக வைத்து இழுப்பார். வேலை முடிந்ததா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதற்கு வீட்டுக்காரரின் முகம் வேண்டும். "மூக்கு ரெண்டு பக்கமும் வெடைச்சா மோசம். மேலுதடு ஏறிச்சுன்னா ரொம்ப மோசம். மூச்ச நிறுத்திட்டே பேசினாங்கன்னா பூனை மூத்திரம். வாயால நல்லாருக்குன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. சாஞ்சு உக்காரச் சொல்லுவேன். முதுகு சோபாவுல பட்டாத்தான் நான் மெஷின மூட்ட கட்டுவேன்."

மற்றபடி அவர் இல்லற வாழ்க்கை இடையூறுகள் நிறைந்தது. திருமணமான புதிதில் மனைவிக்கு வாசனைத் தைலம் வாங்க ஆசைப்பட்டு, கடையில் இருந்தவற்றுள் மிக அழகான நீலநிறக் குப்பியைத் தேர்ந்தெடுத்து வந்தார். அது காருக்குள் வைப்பது. அந்த அம்மாள் பாவம், கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பூசிக்கொண்டார். "அன்னிக்கு முழுக்க டாக்சி மாதிரியே இருந்தேன் சார். பஸ்ல பக்கத்துல உக்காந்தவரு ஜன்னல எறக்கி விட்டாரு" என்று என்னிடம் சொன்னதுண்டு. சமையலறையில் எரிவாயு கசிந்தால் கத்துவதற்கு ஒரு கருவி சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. வெங்காயம் தாளித்தாலும் அது கத்தும். அதற்கு அவர் 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார். நிஜ மாமியார் வந்து தங்கியிருந்தபோது, "மாமியார் இன்னிக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிருச்சு, பேட்டரியக் கழட்டுங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுக்க, அந்த அம்மையார் அன்றே தம் பெட்டியைக் கட்டிவிட்டார்.

அவருடைய அக்காள் மழலையர் காப்பகம் ஒன்றில் ஆயாவாக இருக்கிறார். துணி மாற்றும் வேளையில் முகம் சுளிக்காத ஒரே ஊழியர் என்று அங்கே அவருக்குப் பெரும் புகழ். எந்தக் குழந்தைக்கு மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியாதாகையால், வரிசையாக ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். தொலைபேசியில் தம்பியை அழைக்கும்போதெல்லாம், "பாப்பா நம்ம கட்சியா, அவங்கம்மா கட்சியா? தெரிஞ்சுதா?" என்று கேட்காமல் வைப்பதில்லை.

பாப்பா என்பது சோபாக்காரரின் ஒரே மகள். இப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். முன்பற்கள் இரண்டும் இல்லை. அவள் எந்தக் கட்சி என்பதில் அந்த வீட்டில் இதுவரை ஐயமே எழுந்ததில்லை. பூவைக் கண்டால் முகர்வாள். குப்பை வண்டி வந்தால் மூக்கைப் பொத்துவாள். அம்மா வேலையிலிருந்து வந்ததும் கட்டிக்கொண்டு, "அம்மா மேல ரொட்டி வாசனை" என்பாள். "என் பொண்ணு அச்சு அசல் என்னை மாதிரி" என்று தாய் சொல்லிக்கொள்வார். சோபாக்காரரும் மறுத்ததில்லை.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பாலும் இல்லை, சட்டையும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், நேத்து சாயங்காலம் அடுப்புல ரொட்டி தீஞ்சுபோச்சு. மாமியாருக்கு பேட்டரி இல்ல. பாப்பா பக்கத்து மேசையிலதான் படம் வரைஞ்சுட்டு இருந்தா. தலையே நிமிரல. அவங்கம்மா குளியலறையிலேர்ந்து ஓடி வந்தா. அப்புறம்தான் பாப்பா நிமிர்ந்தா. அம்மா மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, 'ஐயோ, என்ன நாத்தம்!'னு மூக்கப் பிடிச்சா." என் பக்கம் குனிந்தார். "மூஞ்சிய மொதல்ல பாத்தா சார். மூக்க அப்புறம்தான் பிடிச்சா. அது என் டெக்னிக்கு."

குழந்தை படத்தில் ஆழ்ந்திருந்திருக்கலாம் என்றேன். மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமே என்றும் சொன்னேன்.

"போகத்தான் போறோம். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். அவங்கம்மா கட்சின்னா நிம்மதி. என் கட்சின்னா, தனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு வருஷக்கணக்கா நடிச்சிட்டுத் திரியுமே சார், அது. இந்த ஒரு விஷயத்துல நான் தோக்கணும். நீங்கதான் நடுவரா இருக்கணும்."

மனைவிக்கு இந்தச் சோதனை அவமானமாகப் பட்டது. "உங்களுக்கு வேற வேலை இல்ல. என் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். ஆயினும், தம் கட்சி வெல்வதைக் கண்ணாரக் காணும் ஆவலில் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக் கூடத்தில் சோதனை. நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகள். உள்ளே இருப்பது தெரியாதவாறு காகிதம் சுற்றியவை. ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு. மேலே இறுக்கமான மூடி. காபி, எலுமிச்சை, சோப்பு, மண்ணெண்ணெய். இந்த நான்கின் பெயர்களையும் பாப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தோம். எல்லாவற்றையும் சோபாக்காரரே தம் கையால் தயாரித்துக் கொண்டுவந்தார். இருக்கைகளை நான் ஒழுங்கு செய்தேன். மணம் தெரிந்தவர்களின் முகம் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. ஆகவே நானும் தாயும் அவளுக்குப் பின்னால் அமர்வது. குப்பியைத் திறப்பவர் எதிரே இருப்பார். அவருக்குத்தான் மணம் தெரியாதே, அவர் முகம் எதைக் காட்டிக்கொடுக்கப்போகிறது? இவ்வாறு நான் முடிவு செய்ததில் ஓர் ஓட்டை இருந்தது. குப்பியில் என்ன போட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் குப்பியைத் திறந்து மகளின் மூக்கருகே பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அவர் உதடுகள் தாமாகவே குவிந்து, சூடான எதையோ ஊதுவதுபோல் மெல்ல ஊதின.

பாப்பா கண்களை விரித்து அவரைப் பார்த்தாள். "காபி!" என்றாள்.

அதே கணத்தில் எனக்கும் ஒரு மணம் எட்டியது. காபி மணம் அன்று. உயிரை வாங்கும் ஒரு பழைய நாற்றம். பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டையைத் தேடினார்.

இரண்டாம் குப்பி. சோபாக்காரரின் கன்னங்கள் உள்வாங்கின; ஒரு கண் மூடிக்கொண்டது. "எலுமிச்சம்பழம்!" என்றாள் பாப்பா. நாற்றம் இரு மடங்காயிற்று. மூன்றாம் குப்பியைத் திறக்கும்போது அவருடைய இடக்கை எதையோ நினைத்து வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "சோப்பு! நல்ல வாசனை!" என் கண்களில் நீர் வந்துவிட்டது. "சார்... பூனை..." என்று கைக்குட்டைக்குள்ளிருந்து அந்த அம்மாள் முனகினார். நான்காவதை அவர் கையை நீட்டித் தம்மிடமிருந்து எட்டப் பிடித்தார். பாப்பா உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ச்சீ! மண்ணெண்ண!" என்றாள். அந்த ஒரு குப்பிக்கு மட்டும் மூக்கைப் பொத்தினாள்.

"நாலும் கரெக்ட்டு!" என்று துள்ளி எழுந்தார் சோபாக்காரர். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்டதும் கைப்பேசியை எடுத்து அக்காளை அழைத்தார். "அக்கா! உன் கட்சிக்கு டெபாசிட் காலி! பாப்பா அவங்கம்மா மாதிரி! நாலுக்கு நாலு!" அந்த மூக்கு முழுவதும் மகிழ்ச்சியில் சிவந்துவிட்டது. நாங்கள் இருவரும் எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம். அத்தகைய மகிழ்ச்சியை எந்தச் சொல்லால் நிறுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

நிறுத்த வேண்டிய அவசியமும் நேரவில்லை. அதுவரை மகளை விட்டுக் கண்ணெடுக்காதவர், பேசிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தொழில் புத்தி வேலை செய்தது.

"பூனையா?" என்றார் மெதுவாக.

மனைவி தலையசைத்தார்.

"எந்த பாட்டில்ல?"

"எல்லாத்துலயும்ங்க. அந்தப் பஞ்ச எங்கேர்ந்து எடுத்தீங்க?"

ஒரு வாடிக்கையாளர் தூக்கிப் போட்ட திண்டிலிருந்து எடுத்த பஞ்சு அது. அந்த வீட்டுக் கடுவன்பூனையின் ஆசனம் அந்தத் திண்டு. "ரெண்டு தடவ அலசி வெயில்ல காயவெச்சேன். மேகம் மாதிரி வெள்ளையா இருந்துச்சே. இத ஏன் தூக்கிப் போட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். கைப்பேசிக்குள்ளிருந்து, "டேய், என்னடா ஆச்சு? யாருடா ஜெயிச்சா?" என்று அக்காள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதை அணைத்துப் பையில் போட்டார்.

மூவரும் பாப்பாவைப் பார்த்தோம். பாப்பா எங்கள் மூவரையும் பார்த்தாள். எந்த முகத்தைப் போட்டுக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் சிரித்துப் பார்த்தாள். அது பொருந்தவில்லை. மூக்கைப் பொத்திப் பார்த்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டு, "ஆஹா" என்றாள். அதுவும் எடுபடாமல் போகவே, உதடு பிதுங்கத் தொடங்கியது.

சோபாக்காரர் தரையில் அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "குட்டி, அப்பா காட்டின பாட்டில்ல என்ன வாசனை வந்துச்சு?"

"நீ என்ன மூஞ்சி வெச்சியோ அது."

"மூக்குல ஒண்ணும் வரலையா?"

"மூக்குல காத்துதான் வரும்." அழுகையை நிறுத்திவிட்டு, இது கூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தானப்பா பண்றாங்க?"

சோபாக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பில் பாதி வேறு ஏதோவாக இருந்தது. மகளின் மூக்கு நுனியை இரு விரல்களால் பிடித்து ஆட்டினார். "எல்லாரும் இல்லடா. நான் அப்படிப் பண்ணுவேன். அத்தை பண்ணும். உங்க தாத்தா பண்ணுவாரு."

"அத்தைக்கும் வராதா?"

"சுத்தமா வராது. அங்க காப்பகத்துல அத்தை ஒவ்வொரு குழந்தையாத் தூக்கித் தூக்கிப் பாக்குது."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லாத பற்களின் வழியே காற்று சீறியது. சிரித்து முடித்ததும் யோசித்தாள். "சார் தாத்தாவுக்கு?"

"அவருக்கு வரும். நெஜமாவே வரும்."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் வரும்."

பாப்பா திரும்பித் தாயைப் பார்த்தாள். கைக்குட்டையும் கையுமாகத் தனியே நாற்காலியில் இருந்தார் அவர், முகம் வாடியிருந்தது. குழந்தையின் குரலில் மெய்யான இரக்கம் இருந்தது. "அப்போ நம்ம வீட்டுல அம்மா மட்டும்தான் வேற மாதிரியா?"

அந்த அம்மாள் எழுந்தார். கைக்குட்டையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்து, இருவருக்கும் நடுவில் இடம் செய்துகொண்டு தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் காத்துதான் வருது, பாரு" என்று திறந்து கிடந்த குப்பிகளுள் ஒன்றை எடுத்தார். பஞ்சை முழுவதுமாக வெளியே இழுத்து, மூக்கோடு சேர்த்துப் பிடித்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். பாப்பா முழந்தாளிட்டு நெருங்கி, தாயின் நாசியின் இருபுறங்களையும், மேலுதட்டையும், புருவங்களின் நடுவையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். தாயின் கண்ணில் நீர் தளும்பி இமையின் விளிம்புக்கு வந்துவிட்டது. முகத்தில் ஓர் இழை கூட அசையவில்லை.